ஏழு ஒப்பமும் ஒரு கைநாட்டும்

1986 வைகாசியில், அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டைப் பார்த்த ஒரு வாடகை பங்களாவில், ‘கிணற்று மின்னிணைப்பு முன்னுரிமைக் கணிப்பொறி மையம்’ என்ற அலுவலகத்தைத் திறந்தார்கள். அதில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. வேலையின் பெயர் ‘குளிரறைப் பாதணிக் காப்பாளர்’. அதாவது கம்ப்யூட்டர் இருக்கிற ஏ.சி. அறைக்குள் போகிற அதிகாரிகள் வாசலில் கழற்றிவிடும் செருப்புகளைக் காவல் காப்பது. சின்னுசாமி என்கிற என் பெயரை அங்கே யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் அவர்களுடைய முகத்தைப் பார்த்ததைவிடச் செருப்பைத்தான் அதிகம் பார்த்தேன். நான் சொல்வதில் கொஞ்சம் வாடை அடித்தால் அதற்கு இதுதான் காரணம்.

மையத்தின் வேலை ஒன்றே ஒன்று. மாவட்டத்தில் கிணற்றுக்குக் கரண்டு கேட்டு எழுதிப் போட்டிருக்கிற விவசாயிகளில் யாருக்கு முதலில் கொடுப்பது, யாருக்கு அடுத்தது என்று ஒரு பட்டியல் போட வேண்டும். அதற்கு முன்பு இந்தப் பட்டியலை ஒரு எழுத்தர் பெரிய நோட்டில் பன்னிரண்டு நாளில் எழுதி முடித்துவிடுவார். அதில் தப்பு இருக்கும். வேண்டியவர் பெயர் மேலே ஏறும், வேண்டாதவர் பெயர் கீழே இறங்கும். இருந்தாலும் பன்னிரண்டாம் நாள் பட்டியல் என்று ஒன்று வெளியே வந்துவிடும்.

திறப்பு விழாவில் இணை இயக்குநர் தங்கசாமி பேசினார். “மனிதன் தவறு செய்வான். இயந்திரம் தவறு செய்யாது. ஆகவே இன்று முதல் இந்த அலுவலகத்தில் எந்தத் தவறு நடந்தாலும் அதற்கு எந்த அலுவலரும் பொறுப்பல்ல என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.” எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

அந்த இயந்திரத்தை வேலை வாங்கத் தெரிந்தவள் மையத்தில் ஒரே ஒருத்தி. சௌந்திரம் என்று பெயர். திருச்செங்கோட்டுப் பெண், இருபத்தாறு வயது, சைக்கிளில் வருவாள். காலை ஒன்பது மணிக்கே வந்து, செருப்பைத் தன் சைக்கிள் கூடையில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். என்னிடம் டோக்கன் வாங்காத ஒரே ஆள் அவள்தான்.

சின்னண்ணன் முதல்முறை வந்தது ஆவணி மாதம். வெண்ணந்தூர்ப் பக்கத்து விவசாயி. ஐம்பது வயதிருக்கும், டயர் செருப்பு போட்டிருந்தார். ஏ.சி. அறைக்குள் அவரை யாரும் விடப் போவதில்லை. இருந்தும் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு வந்தார். நேராகக் கண்காணிப்பாளர் நாச்சிமுத்துவின் மேசைக்குப் போய் நின்றார்.

“ஏனுங்க சாமி, மூணு ஏக்கரா மஞ்சள் வெச்சிருக்கறனுங்க. மழை ஏமாத்திப்போடுச்சு. கிணத்துல அறுவது அடியில தண்ணி கெடக்குதுங்க, ஏத்தறதுக்குத்தான் வழியில்லீங்க. ஆயில் எஞ்சின் வெடிச்சுப் போச்சுங்க. கரண்டு கம்பம் எங்க வரப்புலயே நட்டாச்சுங்க, கம்பியும் இழுத்தாச்சுங்க. லைன்மேன் ரங்கனைக் கேட்டா, பட்டியல்ல பேரு வரட்டும், அரை மணி நேரத்துல குடுத்துப்போடறேன்ங்கறாருங்க.”

“மனு இருக்கா?”

இருந்தது. மனுவின் அடியில் கைநாட்டு. நாச்சிமுத்து அதைப் பார்த்ததும் காகிதத்தை இரண்டு விரல் நுனியால் பிடித்து ஓரமாக வைத்தார். “கைநாட்டுத்தானா? படிச்சவங்க யாரையாவது கூட்டிட்டு வரக் கூடாதா? இதெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிற இடமப்பா” என்றார். கம்ப்யூட்டர் எதைப் பார்க்கும் என்று அவருக்கும் தெரியாது. மை ஒட்டியிருக்குமோ என்று விரலைக் கர்சீப்பில் துடைத்துக்கொண்டார்.

சின்னண்ணன் வெளியே வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சௌந்திரம் தூக்குப்போசியோடு சாப்பிட வெளியே வந்தபோது அவரைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டாள். கேட்டுவிட்டு, பட்டியல் எப்படித் தயாராகிறது என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த அலுவலகத்தில் ஒரு விவசாயிக்கு யாராவது எதையாவது சொல்லிப் புரியவைத்ததை நான் பார்த்தது அன்றுதான்.

“பட்டியல்னா ஒரே துண்டு இல்லீங்க. முப்பது ஊர்க் கணக்குத் தனித்தனியாக் கெடக்குது. அதைச் சரிபார்க்க ஒரு புரோகிராம், வரிசைப்படுத்த ஒண்ணு, எல்லாத்தையும் சேர்க்க ஒண்ணு. எதுக்கு எது வேணும், எது முடிஞ்சப்புறம் எதுன்னு ஒரு சீட்டுல எழுதிக் கம்ப்யூட்டருக்குள்ளயே போட்டு வெச்சிருக்கறனுங்க. உள்ளே ஒரு ஆளு இருக்கறாப்பல. நான் அதை மேஸ்திரின்னு சொல்லுவேன். மேஸ்திரி வேலை ஆரம்பிச்சா முதல்ல அந்தச் சீட்டைப் படிக்கும். அப்புறம் ஒவ்வொரு சாமானும் கடைசியா எப்ப மாறுச்சுன்னு நேரத்தைப் பார்க்கும். மாறியிருந்தா அந்த வேலையை மட்டும் மறுபடி செய்யும். மாறாட்டித் தொடவே தொடாது.”

“ஆட்டுன மாவு அப்படியே இருக்கறப்ப எதுக்கு மறுபடி அரிசி ஊறப்போடறதுன்னு சொல்லுங்க.”

“அதேதானுங்க!”

“சரிங்க அம்மிணி, அந்தச் சீட்டையே யாராச்சும் மாத்திப்போட்டா?”

“அப்ப மொதல்ல இருந்து எல்லாத்தையும் செய்யுமுங்க. சீட்டுல என்னத்த மாத்துனாங்களோ, எது எது கெட்டுப்போச்சோன்னு அதுக்குச் சந்தேகம்.”

“ஞாயமான மேஸ்திரிதான். எங்க கிணத்துக்குப் படி கட்டுனவனுக்கு இத்தனை புத்தி இல்லீங்க” என்றார் சின்னண்ணன். இரண்டு நிமிடத்தில் அவருக்குப் புரிந்துபோனது இது. அடுத்த ஐந்து மாதத்தில் ஏழு அதிகாரிகளுக்குப் புரியவில்லை.

முதல் பட்டியல் முழுதும் கட்டி முடிக்க இயந்திரத்துக்கு இருபத்து மூன்றரை மணி நேரம் ஆகும், அச்சடிக்க இன்னொரு மணி நேரம் என்று சௌந்திரம் கணக்குச் சொன்னாள். இங்கிலீஷ் எழுத்து வரிசையில் ஊர்கள் வரும். அயோத்தியாப்பட்டணம் முதலில், வெண்ணந்தூர் கடைசிக்கு முந்தியது, ஏற்காடு கடைசி. “நாளன்னிக்கு வாங்க, பேரு வந்துரும்” என்றாள். சின்னண்ணன் அவளைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

அன்று சாயங்காலம்தான் நாச்சிமுத்துவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. அலுவலகம் என்றால் அதில் ஒரு காகிதமும் ஒப்பம் இல்லாமல் இருக்கக் கூடாது. பார்த்தவர் பார்த்ததற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். சீமை எண்ணெய் வாங்கிய ரசீதிலிருந்து நான் போட்ட லீவு லெட்டர் வரை அங்கே எல்லாவற்றுக்கும் ஏழு சுருக்கொப்பம் உண்டு.

“இந்த மேஸ்திரி படிக்கிற சீட்டு யார் யார் பார்வைக்குப் போச்சு?” என்று கேட்டார்.

“மேஸ்திரி பார்வைக்கு மட்டுந்தானுங்க சார்.”

“மேஸ்திரி எந்த கிரேடு?”

மறுநாளே ஆணை வந்தது. கணிப்பொறிக்குள் இருக்கும் ‘அடிப்படைக் குறிப்பை’ ஏழு அலுவலர்களும் நாள்தோறும் காலை பத்தரை மணிக்குப் பார்வையிட்டு, பார்த்ததற்கு அடையாளமாக அந்தக் குறிப்பிலேயே சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். குறிப்பின் தலைப்பகுதியில் இட வேண்டும். ஒருமுறை இட்ட ஒப்பத்தை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது.

சௌந்திரம் ஒரு தந்திரம் செய்தாள். அந்தச் சீட்டில் எந்த வரிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு போட்ட ஒரு குறி இருக்கிறதோ, அந்த வரியை மேஸ்திரி படிக்காது, தாண்டிப் போய்விடும். சின்ன வேலி மாதிரி இருக்கும் அந்தக் குறி. அதிகாரிகள் ஒப்பம் போடும் இடம் எல்லாவற்றிலும் முன்கூட்டியே அந்த வேலியைப் போட்டு வைத்துவிட்டாள். இல்லாவிட்டால் இணை இயக்குநரின் பெயரை ஒரு கட்டளை என்று நினைத்து மேஸ்திரி திணறி நின்றுவிடும். அதிகாரிகளுக்கு அந்தக் குறி மிகவும் பிடித்துப்போனது. அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் நேரம் என்று ஒன்று இருக்கிறதே. வரியைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் சீட்டில் ஒரு எழுத்துக் கூடினால் சீட்டு புதிது. சீட்டு புதிது என்றால் எல்லா வேலையும் முதலிலிருந்து.

“ஒப்பம் போட்டா சீட்டோட நேரம் மாறிடுங்க சார். மேஸ்திரி மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சுரும்” என்று சொல்லிப் பார்த்தாள்.

நாச்சிமுத்து சிரித்தார். “நேரம் மாறணும்னுதானே ஒப்பம் போடறோம்? இல்லாட்டி இன்னைக்குப் பார்த்தோம்னு எப்படித் தெரியும்?”

அப்புறம் தினமும் அந்தக் கூத்துதான். காலை பத்தரைக்கு ஏழு ஜோடி செருப்பு என் முன்னால் வந்து விழும். தங்கசாமியின் பளபளப்பான கறுப்பு ஷூ, நாச்சிமுத்துவின் குதிகால் தேய்ந்த தோல் செருப்பு, மற்ற ஐந்து. ஏழு டோக்கன் கொடுப்பேன். உள்ளே போய் ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, எழுத்தைத் தேடித் தேடிக் குத்தி, சுருக்கொப்பம் போடுவார்கள். கடைசியில் சேமிக்கிற பொத்தான். அந்த ஒரு பொத்தானை மட்டும் எல்லோரும் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். முடிக்கப் பதினொன்று ஆகும். பதினொன்றுக்கு மேஸ்திரி அயோத்தியாப்பட்டணத்தில் ஆரம்பிக்கும். நாள் முழுக்க, விடிய விடிய ஓடி, மறுநாள் பத்தே காலுக்கு வெண்ணந்தூருக்கு வந்து சேரும். பத்தரைக்கு ஏற்காடும் முடியும். சௌந்திரம் அச்சுக்குக் கட்டளை போடக் கையை நீட்டுவாள். அதற்குள் நாற்காலிக்குப் பின்னால் தங்கசாமி நிற்பார், வெறுங்காலோடு.

அவர் ஒப்பம் போட்டு எழுந்தபின் அச்சடிக்கச் சொன்னால் மேஸ்திரி கேட்காது. சீட்டைப் பார்க்கும், நேரத்தைப் பார்க்கும், மறுபடி அயோத்தியாப்பட்டணம். சனிக்கிழமை மதியம் மெயின் சுவிட்சை இறக்கி அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். திங்கள் காலை பத்தரைக்கு முத்திரையை உடைத்ததும் முதல் வேலை ஒப்பம். ஆக ஞாயிற்றுக்கிழமையும் வீண்.

சின்னண்ணன் புதன்கிழமை தோறும் வருவார். “வந்துருச்சுங்களா?” என்று கேட்பார். “வெண்ணந்தூர் வரைக்கும் வந்துச்சுங்க” என்பேன். ஐப்பசியில் மஞ்சள் இலை ஓரம் சுருண்டுவிட்டது என்றார். அவர் மனைவி ஆத்தாயி காலையும் மாலையும் குடத்தில் இறைத்து வரப்போரமாக நாலு பாத்தியை மட்டும் உயிரோடு வைத்திருக்கிறாளாம், விதைக்காவது ஆகட்டும் என்று. கார்த்திகையில் நாலு பாத்தி இரண்டாகிவிட்டது. இதையெல்லாம் அவர் கோபமில்லாமல் சொல்வார். எனக்குத்தான் ஆத்திரமாக வரும். ஆத்திரம் வந்து என்ன செய்ய, கையில் ஏழு டோக்கன்.

ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒப்பம் போடாமல் இருந்தால் பட்டியல் வந்துவிடும் என்று சௌந்திரம் எழுதிக் கொடுத்தாள். அதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். கதவு திறந்திருந்ததால் தங்கசாமி பேசியது முழுக்க எனக்குக் கேட்டது.

“ஒரு நாள் ஒப்பம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு நான் அலுவலகத்துக்கு வந்தேன் என்பதற்கு என்ன அத்தாட்சி? நீங்கள் வந்ததற்கு என்ன அத்தாட்சி? பட்டியல் வந்தது என்பார்கள். பட்டியல் யாராலும் வரும் அய்யா! அதைப் பார்வையிட அலுவலர்கள் இருந்தார்களா என்பதல்லவா கேள்வி? இந்த மையம் பட்டியலுக்காக ஏற்படுத்தப்பட்டது என்று சிலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மையத்தை நடத்துவதற்காகத்தான் பட்டியல்.”

கூட்டம் அத்தோடு விடவில்லை. சீட்டில் இயந்திரத்தின் விதிகள் மட்டும் இருக்கின்றன, அலுவலக விதிகள் ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டார். உடனே சேர்க்கச் சொன்னார்கள். பட்டியல் வெளியாக இணை இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்குக் கண்காணிப்பாளரின் பரிந்துரை வேண்டும். பரிந்துரை எழுதுவதற்குப் பட்டியல் வேண்டும். சௌந்திரம் இந்த மூன்றையும் அப்படியே சீட்டில் ஏற்றினாள். மேஸ்திரி படித்தது. திரையில் ஒரே வரி வந்தது. ‘இதில் ஒரு வட்டம் இருக்கிறது, விட்டுவிட்டேன்’ என்று அர்த்தம். சொல்லிவிட்டு அது பாட்டுக்கு வேலையைத் தொடர்ந்தது.

அதிகாரிகளுக்கு அது பொறுக்கவில்லை. “விட்டுவிட்டேன் என்று சொல்ல இது யார்?” என்று தங்கசாமி கத்தினார். “நான் இருபத்தெட்டு வருடம் சர்வீஸ் போட்டிருக்கிறேன். இதே வட்டத்துக்குள்தான் போட்டிருக்கிறேன். ஒரு நாளாவது வட்டம் என்று சொல்லியிருப்பேனா?”

இயந்திரத்துக்கு மெமோ கொடுத்தார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கோந்து தடவி அதன் முதுகில் ஒட்டியது நான்தான். பதினைந்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும், தவறினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும். பதினாறாம் நாள் விளக்கம் வராததால் குற்றம் உறுதியாகி, ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்துவதாக முடிவு செய்தார்கள். இயந்திரத்துக்கு ஊதியம் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. போட்ட ஆணையை வீணாக்கக் கூடாது என்று சௌந்திரத்தின் ஊதிய உயர்வை நிறுத்தினார்கள்.

அன்று அவள் சாப்பிடாமல் தூக்குப்போசியை மூடி வைத்தாள். “அண்ணா, ஒரே ஒரு நாளு, பத்தரையில இருந்து பன்னெண்டு வரைக்கும் இவிங்க உள்ளே வராம இருந்தாப் போதும்” என்றாள் என்னிடம். “அந்த மனுசனுக்கு இன்னும் ரெண்டு பாத்தி உசுரோட இருக்குதுங்களாம்.”

நான் யோசித்தேன். செருப்புக் காவல்காரனிடம் என்ன அதிகாரம் இருக்கும்? ஒன்று இருந்தது. ஆடி மாதம் தங்கசாமியின் ஷூ ஒன்று காணாமல் போய், நாய் கவ்விப் போன இடத்தில் கிடைத்தது. அன்றே ஒரு ஆணை போட்டார்கள்: ‘காப்பாளர் இல்லாத நேரத்தில் எந்த அலுவலரும் குளிரறை வாசலில் பாதணியைக் கழற்றக் கூடாது.’ பாதணியோடு உள்ளே போகக் கூடாது என்பது முந்தைய ஆணை. இரண்டிலும் ஏழு ஒப்பம்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை வயிற்றுப்போக்கு என்று லீவு எழுதிக் காலை பத்தே காலுக்கு மேசையில் வைத்துவிட்டு, எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பத்தரைக்கு ஏழு பேரும் வந்தார்கள். வாசலில் நான் இல்லை. என் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். காலைப் பார்த்தார்கள். தங்கசாமி ஷூ நாடாவைத் தொட்டார், நாச்சிமுத்து ஆணையை நினைவுபடுத்தினார், கையை எடுத்துவிட்டார். கதவு திறந்துதான் இருந்தது. மூன்றடி எடுத்து வைத்தால் கம்ப்யூட்டர். ஏழு பெரிய மனிதர்கள் செருப்புக் காலோடு வாசலில் நின்று, மாற்றுக் காப்பாளர் நியமிப்பது யார் அதிகாரத்தில் வரும் என்று பேச ஆரம்பித்தார்கள். நான் இரண்டாவது டீ சொன்னேன்.

உள்ளே மேஸ்திரி ஏற்காட்டை முடித்தது. சௌந்திரம் அச்சுக்குக் கட்டளை கொடுத்தாள். ஓரத்தில் ஓட்டை போட்ட காகிதம் கரகரவென்று மடிந்து மடிந்து விழும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. வராண்டாவில் காத்திருந்த சின்னண்ணன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். பதினொன்றே முக்காலுக்குச் சௌந்திரம் ஒரு தாளைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதே இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் எடுக்கவில்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். பத்தரைக்கு ஏழு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், முந்தின நாளுக்கும் சேர்த்து இரண்டிரண்டு ஒப்பம் போட்டார்கள். அப்புறம்தான் பட்டியலைக் கையில் எடுத்தார்கள். நாச்சிமுத்து ஒரு கேள்வி கேட்டார். இத்தனை மாதத்தில் அந்த இயந்திரத்திடமிருந்து அவர் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

“பட்டியல் நேற்றைய தேதி. குறிப்பு இன்றைய தேதி. குறிப்பு புதுசு, பட்டியல் பழசு. சௌந்திரம், நீதானே சொன்னே, குறிப்பு புதுசா இருந்தா எல்லாத்தையும் மொதல்ல இருந்து செய்யணும்னு?”

பட்டியல் செல்லாது என்று தீர்மானம் ஆயிற்று. ஆனால் காகிதம் நல்ல காகிதம், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வீணாக்க வேண்டாம் என்று சிற்றுண்டிக்கு வைத்துக்கொண்டார்கள். அடுத்த புதன்கிழமை நாலு மணிக்கு நாச்சிமுத்துவின் மேசையிலிருந்து எச்சில் காகிதத்தை எடுக்கப் போனேன். உளுந்து வடைக்கு எண்ணெய் ஒற்றிய தாளில், எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆன இடத்தில், பெயர்கள் தெரிந்தன. சின்னண்ணன், கிணறு ஒன்று, மஞ்சள் மூன்று ஏக்கர், வரிசை எண் நாற்பத்தொன்று. பாதி வடையைத் தின்றுவிட்டு மீதியை அதன்மேலேயே பிசைந்து வைத்திருந்தார். தாளைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று கேட்டுக்கு வெளியே காத்திருந்த சின்னண்ணனிடம் அதைக் காட்டத் தைரியம் வரவில்லை.

தை மாதம் பத்தாம் தேதி சின்னண்ணன் கடைசியாக வந்தார். கேட்டுக்கு வெளியே வழக்கம்போல் செருப்பைக் கழற்றப் போனவர், என்ன நினைத்தாரோ, கழற்றவில்லை. பதினொன்றாகப் போகிற நேரத்தில் நாச்சிமுத்துவைத் தேடிக் குளிரறை வாசலுக்கே வந்துவிட்டார். மற்ற ஆறு பேரும் ஒப்பம் போட்டுவிட்டு உள்ளேயே சுற்றி நின்றார்கள். ஏழாவதாக நாச்சிமுத்து உள்ளே நாற்காலியில் இருந்தார்.

“ஏனுங்க, எம்பேரை எடுத்துப்போடுங்க” என்றார் வாசலில் நின்று.

“எதிலிருந்து?”

“பட்டியல்ல இருந்துதானுங்க. மஞ்சள் போச்சுங்க. ஆத்தாயி வெச்சிருந்த ரெண்டு பாத்தியும் போச்சு. விதைக்குக்கூட ஒரு கிழங்கு இல்லீங்க. புது ஆயில் எஞ்சினுக்குப் பேங்குல கடன் கேட்டு எழுதிப் போட்டனுங்க. கரண்டுப் பட்டியல்ல பேரு இருக்கறவனுக்கு எஞ்சின் கிடையாதுங்கறாங்க. அதான், பேரை எடுத்துட்டீங்கன்னா பொழைச்சுக்குவேன்.”

தங்கசாமி தாடையைத் தடவினார். நியாயமான கோரிக்கை, பரிசீலிக்கலாம் என்றார். “ஆனால் ஒரு பெயரை நீக்க வேண்டுமானால், முதலில் அந்தப் பெயர் செல்லுபடியாகும் ஒரு பட்டியலில் இருக்க வேண்டும் அல்லவா? பட்டியல் வெளியாகட்டும். வெளியானதும் நீக்குவோம். அதற்கு மனு ஒன்று கொடுங்கள்.” பிறகு, ஏதோ நினைவு வந்தவராக, “கைநாட்டாக இருந்தாலும் பரவாயில்லை” என்றார். அதைக் கருணை என்று நினைத்துச் சொன்னார்.

சின்னண்ணன் டயர் செருப்போடு உள்ளே நடந்தார். பளிங்கு மாதிரித் துடைத்திருந்த தரையில் காட்டுப் புழுதி அச்சு அச்சாக விழுந்தது. ‘செருப்பு! செருப்பு!’ என்று ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். என்னைத் தடுக்கச் சொன்னார்கள். நான் டோக்கனை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“எங்கீங்க போடோணும்? இதுலயா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, நாச்சிமுத்துவின் தோளுக்கு மேல் கையை நீட்டி, பெருவிரலை அந்த எழுத்துப் பலகையில் வைத்து அழுத்தினார். மனுவில் எப்படி அழுத்துவாரோ அப்படி, அவசரமில்லாமல், மை நன்றாகப் பிடிக்கட்டும் என்கிற மாதிரி. திரையில் எல்லா ஒப்பங்களுக்கும் மேலே, வேலிக் குறி இல்லாத முதல் வரியில், ஒரே எழுத்து ஓடிக்கொண்டே போயிற்று. நாச்சிமுத்து பதறிப்போய், தனக்குத் தெரிந்த ஒரே பொத்தானை அமுக்கினார். சேமித்துவிட்டார்.

மேஸ்திரி சீட்டைப் படிக்க ஆரம்பித்தது. படித்த மாத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. அயோத்தியாப்பட்டணம் போகவில்லை. எங்கேயும் போகவில்லை.

“அழி, அழி!” என்றார் தங்கசாமி.

“ஒரு தடவை போட்டதை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாதுன்னு ஆணை இருக்குதுங்க சார்” என்றாள் சௌந்திரம். “உங்க ஒப்பம் அதுல மொதல்ல இருக்குதுங்க.”

சின்னண்ணன் வெளியே வந்து வராண்டாப் படியில் நின்றார். சௌந்திரமும் பின்னாலேயே வந்தாள். நான் பையிலிருந்த அந்த எண்ணெய்த் தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். இது என்னவென்று கேட்டார், உங்க பேருதானுங்க என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“அம்மிணி, அது என்னமோ எழுதிட்டு நின்னுச்சே, என்ன சொல்லுது?”

“உங்க வரியைப் படிச்சுதுங்க. இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது, நிறுத்திக்கறேன்னு சொல்லுதுங்க.”

“அப்ப, இத்தனை நாளா அவிங்க ஏழு பேரும் போட்டது?”

“அதை அது ஒரு நாளுங்கூடப் படிச்சதில்லீங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, வாரனுங்க என்று சொல்லி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். மறுநாள் காலை பத்தரைக்கு ஏழு ஜோடி செருப்பு என் முன்னால் வந்து விழுந்தது. இயந்திரம் நின்றுதான் இருந்தது. ஏழு பேரும் உள்ளே போய், சின்னண்ணனின் கைநாட்டுக்குக் கீழே, வரிசையாக ஒப்பம் போட்டுவிட்டு வந்தார்கள்.